ராமேஸ்வரம் பிரகாரத்தை வரைவது எப்படி?

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தை வரையப் போகிறீர்களா? தூணில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் உங்கள் கண் உயரத்தில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு, அதில் ஒரு புள்ளி. தூண்களின் அடி, உச்சி, மேல்விதானம் எல்லாம் ஓடிப்போய்ச் சேர்வது அந்தப் புள்ளியில்தான். அதை நட்டநடுவில் வைத்தால் படம் விறைப்பாக இருக்கும், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள்.

பலரும் சொதப்புவது தூண்களின் இடைவெளியில் (நானும்தான்). முதல் இரண்டை மட்டும் கண்மதிப்பில் போடுங்கள். அப்புறம் முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவதன் சரிபாதி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது தூண்களின் அடியைச் சேர்க்கும் கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாவது தூண். இப்படியே தொடரலாம்.

தூரத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் நீளம் தெரியும். உங்கள் உயரம்தான் என்றால் அவர் கண்ணும் அதே குறுக்குக் கோட்டில்தான் வரும், எவ்வளவு தள்ளி நின்றாலும்.