பழைய லீவர் எஸ்பிரெசோ மெஷின்: வாங்கியதும் பிளக்கைச் சொருகாதீர்கள்

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, ஒடுக்கு விழுந்த கெட்டில்களுக்கும் உடைந்த இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் அது கிடந்தது. லா பவோனி யூரோபிக்கோலா, லீவரைக் கையால் இறக்கிச் சுடுதண்ணீரைக் காபிப் பொடி வழியாக அழுத்தும் எஸ்பிரெசோ மெஷின். மிலான் கம்பெனி. இந்த மாடல் முதலில் வந்தது 1961-இல். டீ ஊரில் காபி மெஷின் யாருக்கு வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு பழைய சைக்கிள் விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலையே தண்ணீர் ஊற்றி பிளக்கைச் சொருகினேன். வீடே இருட்டாகிவிட்டது. மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் மெஷினைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க சார், வருசக்கணக்கா மூலைல கெடந்த கீசரை இப்படி எடுத்த எடுப்புல போடுவீங்களா?"

"இது காபி மெஷின்ணே."

"உள்ள இருக்கறது அதே காயில்தானுங்க."

பழைய லீவர் மெஷினை வீட்டில் சரிசெய்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, அதைக் காபிப் பாத்திரமாகப் பார்ப்பதால் வருகிறது. அது பாதி கீசர், பாதி பிரஷர் குக்கர். அப்படிப் பார்த்தால் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் கரண்ட். ஹீட்டர் காயிலுக்கும் அதன் வெளிக்குழாய்க்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். வருஷத்தில் இரண்டு மழைக்காலமும் இடையில் பனிமூட்டமும் உள்ள நம் மலையில், சும்மா கிடக்கும் காயில் ஈரம் வாங்காமல் இருந்தால்தான் அதிசயம். அதனால்தான் டிரிப் ஆகிறது. டிரிப்பரைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதும், 'எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் டிரிப் ஆகாது' என்று யாரோ சொன்னதைக் கேட்பதும் உயிரோடு விளையாடுவது. வெளியே முழுக்க உலோகம், தொடுகிற கை ஈரக்கை. எர்த் இல்லாத இரண்டு பின் ஒயரோடு வந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று பின் ஒயர் மாற்றுங்கள்.

காயிலை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து 500 வோல்ட் மெகரில் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால், கழற்றி 100 டிகிரிக்குச் சற்று மேல் சூட்டில் கேக் சுடும் மின் அடுப்பில் சில மணி நேரம் உலர்த்திவிட்டு மறுபடி பார்க்கலாம். என்னுடையது அதிலேயே தேறிவிட்டது. தேறாவிட்டால் காயிலை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அடியில் உள்ள தகட்டில் எத்தனை வோல்ட் என்றும் படித்துவிடுங்கள். அமெரிக்காவுக்காகச் செய்த 110 வோல்ட் மெஷினை நம் 230-இல் சொருகினால், காயில் நான்கு மடங்குக்கு மேல் மின்சக்தி இழுக்கும். அதற்கப்புறம் சரிசெய்ய எதுவும் மிச்சம் இருக்காது.

அடுத்தது கழற்றுவது. போட்டோ எடுக்காமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். சுடுதண்ணீரைக் காபிப் பொடிக்குள் தள்ளும் பிஸ்டனில் இருக்கும் ரப்பர் வளையங்களுக்கு உதடு மாதிரி ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்பு அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருந்தால்தான் அழுத்த அழுத்தச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கும். தலைகீழாகப் போட்டால் காபி மேலே ஏறி வழியும். பழைய வளையம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பத்து நிமிஷத்தில் மறந்துவிடும், நம்புங்கள். இறுகிப்போன மரையைப் பைப் ரெஞ்சால் கடிக்கவிடுவதும் வேண்டாம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, கொஞ்சம் சூடு காட்டினால் இளகும்.

இங்கே லீவர் மெஷின்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. யூரோபிக்கோலாவில் ஸ்பிரிங் கிடையாது, நம் கைதான் அழுத்துகிறது. ஆனால் 1940-களின் கடைசியில் இத்தாலிக்காரர் அக்கிலே காஜியா கொண்டுவந்த வகையில் அழுத்துவது ஸ்பிரிங். நாம் லீவரை இறக்குவது அதைச் சுருக்கத்தான். அந்த வகை மெஷினின் தலையை (பிஸ்டன் இருக்கும், காபி இறங்கும் பகுதி) கழற்றும்போது உள்ளே ஸ்பிரிங் சுருங்கிய நிலையிலேயே காத்திருக்கும். அதைப் பிடித்து நிதானமாகத் தளர்த்தும் கருவி இல்லாமல் திருகை எடுத்தால், பாகம் முகத்துக்கு நேராகப் பாயும். காபிப் பொடி போடாமல் 'சும்மா இழுத்துப் பார்ப்போம்' என்று லீவரை இறக்கிக் கையை விடுவதும் அப்படித்தான், எதிர்ப்பு இல்லாத லீவர் மேலே பறந்து தாடையை உடைத்துவிடும். ஸ்பிரிங் வகை கிடைத்தால் அந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். இதில் ரோஷம் பார்க்க வேண்டியதில்லை.

உள்ளே படிந்த உப்பு. நம் மலைச் சுனைத் தண்ணீர் மென்மையானது, அதிகம் படியாது. போர்வெல் தண்ணீரில் ஓடிய மெஷின் சமவெளியிலிருந்து ஏறி வந்திருந்தால் உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். அதைப் பார்த்ததும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கும் பாய்லர் பித்தளை. கடும் ஆசிட் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் விடும். உள்சுவர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம். அந்த இடம் பஞ்சுபோல் வலுவிழந்துவிடும், குக்கர் மாதிரி அழுத்தம் தாங்க வேண்டிய சுவர் அது. வெளியே குரோம் முலாமும் உரியும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 20 முதல் 30 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர், அரை மணி நேரம். போகவில்லையா, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து இன்னொரு தடவை. ராத்திரி முழுக்க ஊறவிடுவதுதான் தவறு. பாட்டி குத்துவிளக்குக்குப் போட்ட புளி ஞாபகத்துக்கு வரும். புளியும் அமிலம்தான், ஆனால் அதன் நார் சின்னக் குழாய்களில் போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது.

இனி நான் அதிகம் சண்டை போடும் விஷயத்துக்கு வருகிறேன்: ஒட்டு வேலை. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர நாளாகும், விலையும் கூடுதல். அதனால் கை தானாக அக்கம்பக்கம் தேடும். குக்கர் கேஸ்கட்டை வெட்டிப் போடலாமா? பைக் மெக்கானிக்கிடம் ஓ-ரிங் வாங்கலாமா? எண்ணெய்க்காகச் செய்த ரப்பர் சுடுதண்ணீரில் வாடை விடும், காபியில் டயர் நாற்றம் வரும். பிஸ்டனுக்கு வீல் கிரீஸ் தடவியவரையும் பார்த்திருக்கிறேன். உணவுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டப்பா வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். கேஸ்கட் வாங்கும்போது எந்த வருஷ மெஷின் என்று சொல்லிக் கேளுங்கள். லா பவோனியில் 2000 வாக்கில் தலையின் அளவு மாறியது. அதற்கு முன் பொடி போடும் கிண்ணம் 49 மில்லிமீட்டர், பிறகு 51. நான் முதலில் வரவழைத்தது தப்பான அளவு. அது இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது.

கசியும் இடத்தில் எம்-சீல் அப்பாதீர்கள். ரேடியோ கடையில் கொடுத்துப் பற்றவைக்கவும் கூடாது. இங்கே தமிழே நம்மை ஏமாற்றிவிடும். 'ஈயம்தானே, ஈயச்சொம்பில் ரசம் வைக்கவில்லையா' என்று என் மாமாவே கேட்டார். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு உருக்கும் பழைய வகைக் கம்பியில் இருப்பது காரீயம், விஷம். பாய்லர் பிளந்திருந்தால் கோயம்புத்தூரில் காரீயமும் காட்மியமும் இல்லாத வெள்ளிப் பற்று வைப்பவரிடம் கொண்டுபோங்கள்.

எது வந்தாலும் சேஃப்டி வால்வைத் தொடாதீர்கள், அதாவது அடைக்காதீர்கள். லேசாகச் சீறுகிறது என்று அதன் ஸ்பிரிங்கை இறுக்குவது, குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக்கல் வைப்பதற்குச் சமம். தொடக்ககால யூரோபிக்கோலாவில் அழுத்தம் ஏறியதும் கரண்டைத் தானே நிறுத்தும் பிரஷர்ஸ்டாட் கிடையாது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் மட்டும்தான். காவல் முழுக்க அந்த வால்வில்தான். கழற்றிச் சுத்தம் செய்யலாம், புதிது மாற்றலாம், அவ்வளவே. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் முன் கரண்டை நிறுத்தி, ஸ்டீம் குழாய் வழியாக முழுக்க ஆவியை விட்டுவிடுங்கள். இதைக் குக்கரில் எல்லோரும் செய்கிறோம், மெஷினில் மட்டும் அவசரப்படுகிறோம்.

மலைக்காரர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. குன்னூர் 1850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 2240 மீட்டரில் உள்ள ஊட்டியில் இன்னும் கொஞ்சம் முன்னதாக. 'அப்படியானால் எஸ்பிரெசோவுக்குச் சூடு போதாது' என்று பிரஷர்ஸ்டாட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள். பாய்லர் மூடிய பாத்திரம். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் 0.8 பார் என்று காட்டினால், அது வெளிக்காற்றுக்கு மேல் இருக்கும் அழுத்தம். சென்னையில் அந்த 0.8-க்கு உள்ளே தண்ணீர் 117 டிகிரி இருக்கும், குன்னூரில் 113, 114. மூன்று நான்கு டிகிரிதான் வித்தியாசம். இந்தச் சின்ன மெஷின்களின் குறையே, நான்கைந்து காபிக்குள் தலை கொதித்துப்போய்க் காபி கருகிக் கசப்பதுதான். ஆக, மலை நமக்கு உதவியே செய்கிறது. பிரஷர்ஸ்டாட்டின் திருகைத் தொடாதீர்கள். மார்கழிக் காலையில் முதல் காபி புளித்தால், பொடி போடாமல் லீவரைத் தூக்கிக் கொஞ்சம் சுடுதண்ணீர் வெளியே விட்டுத் தலையைச் சூடாக்குங்கள், சரியாகிவிடும். (ஸ்பிரிங் வகையில் இதைச் செய்யாதீர்கள், காரணம் மேலே சொன்னேன்.) சூடேறும்போது மீட்டர் முள் சீக்கிரமே ஏறி நிற்கும், அது உள்ளே சிக்கிய காற்று. ஸ்டீம் குழாயை ஒருமுறை திறந்து அதை வெளியேற்றிய பிறகு காட்டுவதுதான் உண்மையான அளவு.

பாலிஷ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம் துலக்கும் பவுடரும் கம்பிநாரும் குரோமைக் கீறும். ஈரத்துணியே போதும்.

எல்லாம் பூட்டியபின் முதல் ஓட்டத்தைத் திண்ணையில் வைத்து, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள். இரண்டு பாய்லர் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் காபி. நான் கடைசியாகச் செய்த தவறு இங்கேதான். வீட்டில் இருந்த சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூளைப் போட்டேன். லீவர் கைக்குக் கொஞ்சமும் எதிர்ப்புக் காட்டாமல் இறங்கி, கலங்கல் தண்ணீர் கொட்டியது. ரப்பர் வளையம்தான் சரியில்லை என்று இரண்டு தடவை பிஸ்டனைக் கழற்றிப் பூட்டினேன். மூன்றாம் நாள் தாண்டிக்குடியிலிருந்து நண்பர் கொண்டுவந்த கொட்டையை, ஃபில்டருக்கு அரைப்பதைவிட நைசாக அரைத்துப் போட்டேன். லீவர் பாதி வழியில் கனத்து நின்றது. வளையத்தில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.