ஊரில் எண்ணெய் வைக்க நினைப்பவர்களுக்கு

ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வெளிக்கிடும் எங்கள் ஆட்களின் மனதில் கோயில் திருவிழா, காணி அலுவல், கல்யாணவீடு என்பவற்றோடு இன்னொரு எண்ணமும் இருக்கும். "இந்தமுறை போனால் பரியாரியாரிட்டக் காட்டி நாரிக்கு எண்ணெய் வைக்கவேணும்." தொழிற்சாலையில் நின்று நின்று உளைந்த கால், டாக்ஸி ஓடிப் பிடித்துப்போன நாரி (இடுப்பு), கணினிக்கு முன் குனிந்தே இறுகிய கழுத்து எல்லாம் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கும். எண்ணெய் பூசி உடம்பைப் பிடித்துவிடும் இந்த மசாஜ் நல்லதுதான், நானும் ஒவ்வொரு பயணத்திலும் செய்கிறேன். ஆனால் வந்திறங்கிய அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

நாலு வருடத்துக்கு முன் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இடையில் விமானம் மாறிய நேரத்தையும் சேர்த்து 25 மணித்தியாலம். பிறகு கட்டுநாயக்காவிலிருந்து வானில் இன்னொரு 8 மணித்தியாலம். வீட்டு வாசலில் இறங்கும்போதே இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. "பயணக் களைதான், உருவிவிட்டால் சரிவரும்" என்று பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணெயில் மிளகும் உள்ளியும் போட்டு அடுப்பில் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஊர் வைத்தியரான பரியாரியார் வந்தார். எங்கள் அம்மம்மா காலத்திலிருந்து வீட்டுக்கு வந்து போகிறவர். பெரியம்மாவின் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புறங்கையால் ஒவ்வொன்றாய்த் தொட்டுச் சூடு பார்த்தார். "ரெண்டு காலும் வீங்கியிருந்தால் வேற கதை. இது ஒரு கால்தான், அதுவும் கொதிக்குது. இதில கை வைக்கேலாது பிள்ளை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ." ஸ்கான் எடுத்தபோது கால் நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது.

அப்படி உறைந்த கட்டியை அழுத்தி உருவினால் அது பிய்ந்து, இரத்தத்தோடு ஓடி நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து. 4 மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் இப்படி இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொன்னது. சுகதேகிகளில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான், பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் வயதானவர்கள், பருமனானவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும். உறைவு சில வாரம் கழித்தும் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் எண்ணெயும் வேண்டாம் ஒத்தடமும் வேண்டாம், டொக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் நித்திரை கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்து, வெயிலுக்கு உடம்பு பழகிய பிறகு தொடங்குங்கள்.

மசாஜில் உண்மையில் என்ன பலன் கிடைக்கும்? நாட்பட்ட நாரி நோவு கொஞ்சக் காலத்துக்குக் குறையும், அசைவு இலகுவாகும். இறுகிய தசை இளகும், மனப்பதற்றம் தணியும், நித்திரை நன்றாக வரும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012இல் ஓர் ஆய்வு செய்தார்கள். 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் ஓடவிட்டு, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரண்டு காலிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. பிடித்துவிட்டால் தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலம் கரைந்து போகும் என்று ஜிம்மில் சொல்வார்களே, அது மட்டும் நடக்கவில்லை. "உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறும்", "சீனி வருத்தம் மாறும்" என்று பலகை போட்டிருந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். எண்ணெய் வைக்கிறோம் என்று பிரஷர் மாத்திரையை நிற்பாட்டவும் கூடாது.

எங்கள் சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். கை தெரிந்தவர் ஒருவர் தோள்மூட்டில் பெருவிரலை வைத்து, நீங்கள் மூச்சை விடும்வரை பார்த்திருந்து, அதன்பிறகுதான் அழுத்துவார். அந்தப் பொறுமைக்காகவே ஊருக்குப் போகலாம்.

யாரிடம் போவது என்பதுதான் அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்தில் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி அங்கே 1984இல் தொடங்கியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். சென்னை வழியாகப் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, வர்மமும் தொக்கணமும் அங்கே செய்கிறார்கள். தனியாரிடம் போனால் பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியரும் பதிவு செய்யவேண்டும். ஹோட்டல் ஸ்பாவில் உடம்பைத் தளர்த்திக்கொள்ளலாம், மெத்த நல்லது. நோவுக்கு வைத்தியம் தேவையென்றால் வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

நான் ஒருவரை எடைபோடுவது அவர் கேட்கும் கேள்விகளை வைத்துத்தான். என்ன மருந்து குடிக்கிறீர்கள், எங்காவது விழுந்தீர்களா, சத்திரசிகிச்சை செய்ததா, பெண்ணென்றால் பிள்ளை தங்கியிருக்கிறதா என்று கேட்காமல் படுக்கச் சொன்னால் நான் எழும்பி வந்துவிடுவேன். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லவேண்டியவை உண்டு. வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அழுத்திப் பிடித்தால் உள்ளே கண்டிப்போகும். எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு ஊன்றி அழுத்தினால் முறியக்கூடும். சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்களுக்கு நொச்சியிலை ஒத்தடம் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் காண்பார்கள். ஒத்தடத் துணியை முதலில் கூட இருப்பவர் தன் முன்கையில் வைத்துப் பார்க்கட்டும். காய்ச்சல் நாளில் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

சலூனில் தலைமுடி வெட்டிய பிறகு தலையைப் பிடித்துவிடுவது சுகம். ஆனால் நாடியையும் பிடரியையும் பிடித்துச் சடக்கென்று கழுத்தைத் திருப்புவார்களே, அதற்கு விடாதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. "கழுத்து மட்டும் வேண்டாம் தம்பி" என்று கதிரையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே எண்ணெய் முழுக்கு என்றால் இளஞ்சூடான செக்கு நல்லெண்ணெய் போதும். உச்சியில் வைத்து, தோள், முதுகு, மூட்டு, உள்ளங்கால் என்று தேய்த்து அரை மணித்தியாலம் இருந்து, சீயாக்காயோ அரப்போ தேசிக்காயோடு தேய்த்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோயலாம். கிணத்தடிச் சீமெந்துத் தரையில் எண்ணெய்க்கால் வழுக்கும். வயதானவர்களைக் கதிரையில் இருத்தி, உள்ளங்காலை முதலில் கழுவிவிட்டு எழுப்புங்கள். முழுகிய அன்று பகல் நித்திரையும் குளிர்ந்த சாப்பாடும் வேண்டாம் என்பது அம்மம்மாவின் பத்தியம். அன்றைக்கு மிளகு ரசம்தான்.

வைத்தியர் 7 நாள், 14 நாள் என்று கணக்குச் சொன்னால் பயணத்தின் முதல் பாதியிலேயே தொடங்குங்கள். திரும்பிப் பறக்கும் நாளுக்கு முன் இரண்டு நாளாவது இடைவெளி இருக்கட்டும். தைலம் கொண்டுவருவதென்றால் முத்திரையும் பெயர்ச்சீட்டும் உள்ள போத்தலாக வாங்கி, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். விடமுட்டித் தைலம் எட்டிக்கொட்டையில் செய்வது, வெளியே பூசமட்டும்தான். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

பெரியம்மா ஆறு மாதம் மருந்து குடித்தார். அடுத்த முறை ஊருக்குப் போகமுன் இங்கே டொக்டரிடம் கேட்டு, விமானத்தில் இறுக்கக் காலுறை போட்டு, மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நடந்தார். நாலாம் நாள் பரியாரியார் வந்து, பழையபடி இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப எண்ணெயைச் சூடாக்குங்கோ" என்றார்.