செல்ஃப் சுற்றுது, ஸ்டார்ட் ஆகலை: பழைய டீசல் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பழைய டீசல் கார் இப்படி நின்றுவிட்டால் பலருக்கும் முதல் சந்தேகம், டீசலை அழுத்தி இன்ஜெக்டர்களுக்கு (சிலிண்டருக்குள் தெளிப்பவை) அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்ப் மேல்தான். உண்மையில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதே அதுதான். பம்பைக் கழற்றி, வேலை பார்த்து, திரும்ப மாட்டியும் வண்டி அப்படியே நிற்கும். கடைசியில் பார்த்தால் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் விரல் நீள ரிட்டர்ன் ஹோஸ் ஒன்று வெடித்திருக்கும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், சிலிண்டருக்குள் அழுந்தும் காற்று சூடாக வேண்டும், அந்தச் சூட்டில் சரியான நேரத்துக்கு டீசல் தெளிக்க வேண்டும். இந்த மூன்றில் எது குறைகிறது என்று தெரியாமலே ஸ்பேனரை எடுப்பதால்தான் மற்ற தவறுகள் பலவும் வருகின்றன. இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்களுக்கு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டிக்குச் சில விஷயங்கள் நேர்மாறாக இருப்பதால் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

"செல்ஃப் சுற்றுதே" என்று விட்டுவிடுவது

சுற்றுவது வேறு, போதிய வேகத்தில் சுற்றுவது வேறு. சிறிய டீசல் இன்ஜின்கள் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுக்குக் கீழே போனால் பெரும்பாலும் பிடிக்காது. மெதுவாகச் சுற்றும்போது அழுந்திய காற்று ரிங் வழியாகக் கசியும், அதன் சூடும் சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். காதுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே கேட்கும்.

அதனால் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி, சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் அளவுக்கு மேல் கரன்ட் இழுக்கிறது. அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் போஸ்டிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டும் தீராத பல கேஸ்கள் பிளாக்குக்குப் போகும் அந்த எர்த் பட்டையில்தான் முடிகின்றன.

வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) இல்லை என்று அர்த்தம், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்த நிலையில் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால், திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் இடிக்கும். மேல் கவரைக் கழற்றி பெல்ட்டைக் கண்ணால் பார்க்கும் வரை சாவியைத் தொட வேண்டாம்.

தொடர்ந்து அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று சுற்ற விடுவதும் தவறு. ஒரு தடவைக்கு 10, 15 விநாடி போதும். பிறகு ஒரு நிமிடமாவது ஆற விட வேண்டும். இல்லாவிட்டால் டீசல் பழுதோடு செல்ஃப் பழுதும் சேர்ந்துகொள்ளும்.

சைலன்சரைப் பார்க்காமல் பானெட்டைத் திறப்பது

இருப்பதிலேயே மலிவான சோதனை இது. ஒருவர் சாவியில் இருக்க, இன்னொருவர் பின்னால் நின்று 10 விநாடி பார்த்தால் போதும்.

பச்சை டீசல் வாடையோடு வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது ஃபில்டரைப் பிரிப்பதும் ஏர் எடுப்பதும் (டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவதும்) வீண் வேலை. ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், பம்ப் டைமிங், சுற்றும் வேகம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பெல்ட் அறாமல் ஒரு பல் தாண்டியிருந்தாலும் இதே புகைதான் வரும்.

புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. அந்த வண்டிக்குப் புது ஹீட்டர் பிளக் போட்டால் காசுதான் போகும். சுற்றும்போதே கறுப்புப் புகை வந்தால் காற்று வழியைப் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியாக இருந்தால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது நல்லது.

புகை இல்லாதபோது: சோலனாய்டைத் தப்பாகச் சோதிப்பது

பம்பின் தலைப்பக்கம் ஒற்றை ஒயரோடு நிற்கும் ஸ்டாப் சோலனாய்டு கரன்ட் கிடைத்தால்தான் டீசலைத் திறந்துவிடும். சாவியை ஆன் செய்ததும் ஒரு 'டிக்' கேட்க வேண்டும். பலரும் சாவி ஆன் நிலையில் 12 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, "சோலனாய்டு ஓகே" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். தேய்ந்த இக்னிஷன் சுவிட்சில் ஆன் நிலையில் கரன்ட் வரும், ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினால் நின்றுவிடும். ஆகவே டெஸ்ட் லேம்பை அந்த ஒயரில் மாட்டி, செல்ஃப் சுற்றும்போது எரிகிறதா என்று பாருங்கள். அணைந்தால் பம்பில் குறை இல்லை.

'டிக்' சத்தமே இல்லையென்றால் பேட்டரி பிளஸிலிருந்து ஃப்யூஸ் போட்ட ஒயரில் நேரடியாகக் கரன்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் சோலனாய்டு போய்விட்டது. அதன் ஊசியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு உடலை மட்டும் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்ப்பதும் வழக்கம்தான். அப்படிச் செய்தால் சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை நன்றாக மிதித்து, கிளட்ச்சை விட்டுத்தான் அணைக்க வேண்டும். கழற்றும்போது துளிக்கூட மண் உள்ளே விழக் கூடாது. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) உள்ள சில கார்களில் சோலனாய்டு மேலேயே கவசம் போட்ட பெட்டி இருக்கும், அதற்கு இந்தக் குறுக்கு வழி ஒத்துவராது.

டீசல் ஒழுகவில்லை என்பதால் லைன் நன்றாக இருப்பதாக நினைப்பது

அதிகம் ஏமாற்றுவது இதுதான். பல ரோட்டரி பம்புகள் டேங்கிலிருந்து டீசலைத் தாமே உறிஞ்சி எடுப்பவை. டேங்குக்கும் பம்புக்கும் இடையே உள்ள லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பதுபோலத்தான். தரையில் ஒரு சொட்டும் இருக்காது, பம்புக்கு வருவதோ வெறும் நுரை.

அறிகுறியை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கும், அதன்பின் பகல் முழுக்க அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகும். முன்பக்கம் மேடாக நிறுத்தினால் இன்னும் மோசமாகும். நிற்கும் நேரத்தில் லைனில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிவிடுவதுதான் காரணம்.

பம்புக்கு வரும் ஹோஸின் கடைசி ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸைப் போட்டுப் பாருங்கள். எப்போதோ ஒரு குமிழி வந்தால் பரவாயில்லை. வரிசையாகக் குமிழிகள் ஓடினால் காற்று இழுக்கிறது. எங்கே இழுக்கிறது என்று ஒவ்வொரு கிளாம்பாகத் தேட வேண்டாம். சுத்தமான டீசல் நிரப்பிய கேனை பம்பைவிட உயரத்தில் வைத்து, உறிஞ்சும் லைனையும் ரிட்டர்ன் லைனையும் அதற்குள் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் பம்பும் இன்ஜெக்டரும் குற்றமற்றவை. குறை டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான். ஃபில்டர் ஓ-ரிங், வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகு, கையால் அழுத்தி டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரின் டயாஃப்ரம், துருப்பிடித்த இரும்பு பைப் என்ற வரிசையில் பாருங்கள். இன்ஜெக்டர்களை இணைக்கும் துணிப்பின்னல் ரிட்டர்ன் ஹோஸ்களையும் கடைசி இன்ஜெக்டரில் உள்ள மூடியையும் மறக்க வேண்டாம். சூட்டில் காய்ந்து வெடிக்கும் சாமான்கள் அவை.

ஏர் எடுக்கும்போது செல்ஃபை மட்டும் நம்பிச் சுற்றிக்கொண்டே இருப்பதும் தவறு. பம்பின் உள்பாகங்களுக்கு டீசல்தான் ஆயில், வறண்டு சுற்றினால் தேயும். ஹேண்ட் பிரைமரை அழுத்தி, ஃபில்டர் பிளீட் திருகில் குமிழி நின்று வெறும் டீசல் வரும் வரை முதலில் ஏர் எடுங்கள். பிறகு இன்ஜெக்டர் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி (பெரும்பாலும் 17 மி.மீ. ஸ்பேனர்), டீசல் கசியும் வரை செல்ஃப் அடித்து, திரும்ப முடுக்குங்கள். கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கக் கூடாது, அட்டைத் துண்டைப் பிடியுங்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

காமன் ரெயில் காரில் இந்த நட்டைத் தளர்த்தும் வேலையே கூடாது. செல்ஃப் சுற்றும்போதே அங்கே நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் இருக்கும். ஸ்கேனர் மாட்டி, சுற்றும்போது ரெயில் பிரஷர் ஏறுகிறதா, கிராங்க் சென்சார் சுற்று எண்ணிக்கை காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அதற்கு வழி. பிரஷர் ஏறவில்லை என்றால் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் ரிட்டர்னில் எவ்வளவு டீசல் விடுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை வரும்போது: ஹீட்டர் பிளக்கை அரைகுறையாகச் சோதிப்பது

பிளக்குகளுக்குக் கரன்ட் கொடுக்கும் ரிலே அவுட்புட்டில் டெஸ்ட் லேம்ப் எரிந்தால் மட்டும் போதாது. கரிந்த கான்டாக்ட்டும் ஒரு பல்பை எரிக்கும், நாலு பிளக்குக்கு வேண்டிய கரன்ட்டைக் கொடுக்காது. பிளக்குகள் இணைந்திருக்கும்போதே, அவற்றை ஒன்றாக இணைக்கும் உலோகப் பட்டையில் வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்ட்டைவிடச் சுமார் ஒரு வோல்ட் குறைவது சகஜம், பாதியாகக் குறைந்தால் ரிலேயிலோ ஒயரிலோ குறை.

பிளக்கைச் சோதிக்கும்போது பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். பட்டை மாட்டியிருந்தால் ஒரு நல்ல பிளக்கே மற்ற மூன்றுக்கும் சேர்த்து 'நல்லது' என்று காட்டிவிடும். பழைய 12 வோல்ட் பிளக்கின் ஓம் அளவு ஒன்றுக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழோ இருக்கும். சாதாரண மீட்டரின் ஒயரே அதில் பாதியைக் காட்டும் என்பதால் அறுந்த பிளக்கைத்தான் அதில் பிடிக்க முடியும். டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் நாலும் சேர்ந்து இழுக்கும் கரன்ட்டைப் பாருங்கள். ஒன்று செத்தால் கால்வாசி குறையும். பிற்கால பிளக்குகள் சில 12 வோல்ட்டுக்குப் பாதியிலேயே வேலை செய்பவை. அவற்றை பேட்டரியில் நேரடியாகத் தொட்டால் எரிந்துபோகும்.

சூடான இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் ஹீட்டர் பிளக்கில் கை வைக்கவே வேண்டாம். பிளக்குகள் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இதற்கு உதவாது. நல்ல டீசல் இன்ஜின் 25, 30 பார் காட்டும், கேஜ்தான் உடையும்.

ஈதர் ஸ்பிரே அடிப்பது

சட்டென்று பிடிக்கட்டும் என்று காற்று வழியில் அடிப்பது இது. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. ஈதர் சுமார் 160 டிகிரியிலேயே தானாகப் பற்றும். பிஸ்டன் மேலே வந்து முடிக்கும் முன்பே வெடித்து ரிங்கையோ பிஸ்டனின் ரிங் பள்ளத்தையோ உடைக்கும். சிவந்திருக்கும் பிளக்கில் பட்டால் இன்டேக்கிலேயே வெடிக்கும். கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். வயதான டைமிங் பெல்ட் அந்த வெட்டில் பல் தாண்டும்.

பம்பைக் கழற்றும் முன்

பம்ப் உண்மையாகவே தேய்ந்திருந்தால் அதற்கென்று ஓர் அடையாளம் உண்டு. காலையில் நன்றாகப் பிடிக்கும், ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் பிடிக்காது, ஒரு மணி நேரம் ஆறினால் மறுபடி பிடிக்கும். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த ரோட்டர் இடுக்கில் கசிவதால் செல்ஃப் வேகத்தில் இன்ஜெக்டரைத் திறக்கும் அழுத்தம் வராது. சூடாக நிற்கும்போது பம்பின் தலைமேல் ஈரத்துணி போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஆற வையுங்கள். ஒரே அடியாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே இறுகிக்கொள்ளலாம். ஆறியதும் பிடித்தால் பம்ப், பழுது பார்க்கும் பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான். கழற்றும் முன் பம்ப் ஃபிளாஞ்சுக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்து உளியால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவிடுங்கள். பெல்ட்டும் டைமிங் குறிகளும் நிற்கும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு வைத்தால் இன்ஜின் பிடிக்கும் அளவுக்கு வந்துவிடும், டயல் கேஜ் வைத்து டைமிங்கைத் துல்லியமாக வைப்பது அதற்கு அடுத்த வேலை.