குழுவில் சண்டை மூளும்போது ‘நீ’யைத் தேடுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் அரசியல் சூடானால், பதிலை அனுப்பும் முன் அதிலுள்ள ‘நீ’, ‘உனக்கு’ எல்லாவற்றையும் ‘நீங்கள்’, ‘உங்களுக்கு’ என்று மாற்றிவிடுங்கள்.

தமிழில் ‘நீங்கள்’ வந்தால் வினையும் மாற வேண்டும், அதனால் முழு வாக்கியத்தையும் மறுபடி படித்தே ஆக வேண்டும். மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கான இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதி) பற்றிச் சண்டை என்று வையுங்கள்; ‘இ-பாஸ் பத்தி உனக்கு என்ன தெரியும், வாயை மூடு’ என்பதை மாற்றிப் பாருங்கள். ‘வாயை மூடுங்கள்’ என்று அடிக்க விரல் கூசும். கடைசியில், ‘நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது 2024 மே மாதம், உயர் நீதிமன்ற உத்தரவால்’ என்ற விஷயம் மட்டும் மிஞ்சும். அனுப்பிய பிறகு திருத்த வாட்ஸ்அப் 15 நிமிடம் தருகிறது, சரி. ஆனால் அதற்குள் குன்னூரிலிருந்து கூடலூர் வரை படித்து முடித்திருப்பார்கள். நாளைக்கு அதே ஆளோடுதான் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும்.

கூடப் படித்த நண்பர்களிடம் இது வேண்டாம். திடீர் ‘நீங்கள்’ அங்கே கோபமாகத்தான் தெரியும். அப்புறம், மழைக்காலத்தில் யாராவது மண்சரிவு பற்றிப் பொய்த் தகவல் போட்டால் மரியாதையைச் செதுக்கிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மறுத்துவிடுங்கள்.