குஞ்சுகளுக்குத் தண்ணீரில் சால்மோனெல்லா தடுப்பூசி: முதல்முறை கொடுப்பவர்களுக்கு

நாமக்கல், பல்லடம் பக்கம் புதிதாகக் கோழிப்பண்ணை போடுகிறவர்கள் கேட்பது இதுதான்: "வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விட்டாச்சுங்களே, இது எதுக்குங்க?" வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. சால்மோனெல்லா குடலில் தங்கும் பாக்டீரியா. எச்சம் வழியாகக் கோழிக்குக் கோழி பரவும், முட்டை வழியாக மனிதருக்கும் வரும். அந்தச் சொட்டு மருந்து இதைத் தடுக்காது.

எந்த மருந்து, எந்த வயதில் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சோர்ந்திருக்கும் குஞ்சுகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

தண்ணீரில் கொடுப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள பாக்டீரியா. அதைக் கொல்லும் எதுவும் கிட்டே வரக்கூடாது. முன்னும் பின்னும் மூன்று நாளாவது ஆன்டிபயாடிக் கூடாது. லேபிளில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதன்படி. பிளீச்சிங் பவுடரை முந்தின நாளே நிறுத்திவிடுங்கள். என் முதல் பேட்ச்சில் குளோரின் போட்ட டேங்க் தண்ணீரிலேயே கலக்கிவிட்டேன். குஞ்சுகள் குடித்தது செத்த மருந்தை. இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

மருந்தை ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டு வாருங்கள். விடிகாலையில் டிரிங்கர்களை வெறும் தண்ணீரில் கழுவி, ஒரு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். சித்திரை வெயிலில் அதற்கு மேல் தாங்காது.

ஆயிரம் குஞ்சுக்கு, வயது எத்தனை நாளோ அத்தனை லிட்டர் என்பது கணக்கு. ஏழு நாள் குஞ்சு 500 என்றால் மூன்றரை லிட்டர். லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். மிச்சமிருக்கும் குளோரினை அது கட்டிப்போடும். தடுப்பூசிக்கென்றே விற்கும் நீலச் சாயத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் குப்பியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தபடியே மூடியைத் திறங்கள். தண்ணீர் சர்ரென்று உள்ளே போய்த் தூள் கரையும். இரண்டு மூன்று முறை அலசி ஊற்றி, பிளாஸ்டிக் குச்சியால் கலக்குங்கள். வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடியவிடுங்கள்.

வேலை முழுக்கக் கையுறை வேண்டும். காலிக் குப்பிகளைக் கொதிக்க வைத்துப் புதையுங்கள்.

கடைசியாக, ஷெட்டின் நாலு மூலையிலும் சில குஞ்சுகளைப் பிடித்து அலகைத் திறந்து பாருங்கள். நாக்கு நீலமாக இருந்தால் குடித்திருக்கிறது. நிறமே ஏறாத மூலையில் அடுத்த முறை இன்னொரு டிரிங்கர் வையுங்கள்.