மலை ஏறும் ஸ்னோமொபைலுக்கு சைலன்சர் மாற்றுவதா, டர்போ போடுவதா?

வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம் புதிதாக ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) வாங்கியவர்கள் முதல் சீசன் முடிவதற்குள் கேட்டுவிடும் கேள்வி இது: "மேலே போனா வண்டி இழுக்க மாட்டேங்குது. சைலன்சர மாத்தினா சரியாகுமா, இல்ல டர்போவே போட்டுடலாமா?" கடைக்காரரிடம் கேட்டால் இரண்டையும் விற்பார். கடைக்குப் போகுமுன் வீட்டில் உட்கார்ந்து போடவேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

இங்கே சொல்வது டூ-ஸ்ட்ரோக் மலை வண்டிகளுக்கு. ஸ்கீ-டூ சம்மிட், போலாரிஸ் ஆர்எம்கே போன்ற, 850 சிசி இஞ்சினும் நீளமான டிராக்கும் (பனியைப் பற்றித் தள்ளும் அடிப்பட்டை) கொண்டவை. ஃபோர்-ஸ்ட்ரோக் டர்போ வண்டிகளின் கதை வேறு.

படி 1: எந்த உயரத்தில் ஓட்டுகிறீர்கள்?

டர்போ இல்லாத இஞ்சின், ஒவ்வொரு 1,000 அடி ஏறும்போதும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். காற்று மெலிந்துபோவதுதான் காரணம். கடல்மட்டத்தில் 165 ஹெச்பி தரும் 850 இஞ்சின், 10,000 அடியில் 115 ஹெச்பி பக்கம் வந்து நிற்கும். காணாமல் போன அந்த 50 ஹெச்பியை எந்தச் சைலன்சரும் திருப்பித் தராது. இல்லாத காற்றைச் சைலன்சரால் உருவாக்க முடியாது; டர்போவால்தான் காற்றை அமுக்கி உள்ளே தள்ள முடியும்.

ஆகவே, வயோமிங்கின் ஸ்னோயி ரேஞ்ச் போல 10,000 அடியைத் தொடும் இடங்களில் ஓட்டுபவருக்கு டர்போ பற்றி யோசிக்க நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக் அப்படியில்லை. ஊரே 1,600 அடிக்குள் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஏறினாலும் பெரும்பாலான ஓட்டம் 7,000 அடி சுற்றுவட்டாரத்தில் முடிந்துவிடும். அங்கே பழகும் புதியவருக்கு டர்போ இல்லாத 850 தாராளமாகப் போதும் என்பது என் கருத்து.

படி 2: பணம் செலவழிக்குமுன் கிளட்சைப் பாருங்கள்

இழுக்காத வண்டிகளில் நிறைய, உண்மையில் கிளட்ச் செட்டிங் தவறிய வண்டிகள். ஸ்னோமொபைலில் கியர் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் பெல்ட்தான் எல்லாம். முன் கிளட்சில் இருக்கும் எடைகள், இஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் நின்று உழைக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 850 இஞ்சின்களுக்கு அது 8,000 ஆர்பிஎம்முக்கு அக்கம்பக்கம். உங்கள் மாடலுக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும்.

ஆழமான புதுப்பனியில், மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்கி மீட்டரைப் பாருங்கள். சொன்ன எண்ணைவிட 200, 300 குறைவாக நின்றால் எடை அதிகம். லேசான எடைக்கு மாறவேண்டும். எண்ணைத் தாண்டி ஓடினால் எடை போதவில்லை. தாழ்வான ஊரில் செட் செய்த வண்டியை அப்படியே 9,000 அடிக்குக் கொண்டுபோனால் முதலில் சொன்ன கோளாறுதான், அதாவது எடை அதிகம் என்பதுதான், வரும். பெல்ட் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான், எனவே அதையும் கழற்றிப் பாருங்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, ஒரு நல்ல சைலன்சரின் விலையில் சிறு பங்கு.

படி 3: எக்ஸாஸ்ட்டில் எதை மாற்றுகிறீர்கள்?

எக்ஸாஸ்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று துண்டுகள் உண்டு. இரண்டு சிலிண்டரின் புகையையும் சேர்க்கும் ஒய் பைப். அடுத்து, வயிறு பெருத்த டியூன்டு பைப். கடைசியில் சைலன்சர்.

நடுவில் இருக்கும் பெருத்த பைப்தான் டூ-ஸ்ட்ரோக்கின் உயிர். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பைப் விரியும் இடத்தில் ஓர் அலை திரும்பி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சும். பைப் குறுகும் இடத்தில் இன்னொரு அலை திரும்பி, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். இந்த வித்தையை 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார்சைக்கிள் பந்தய அணியில் பக்குவப்படுத்தியவர் வால்டர் காடன். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்குக்குத் தப்பியபோது இந்த ரகசியமும் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைய மலை வண்டியின் பானெட்டுக்கு அடியில் இருப்பதும் அதே தத்துவம்தான்.

அலைகள் சரியான நேரத்தில் திரும்புவது குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும். ஆகவே பெருத்த பைப்பை மாற்றினால் அந்த ஆர்பிஎம் நகரும். கூடவே எரிபொருள் மேப்பும் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று இஞ்சின் கணினியில் இருக்கும் கணக்கு) கிளட்சும் மாறவேண்டும். புதியவர்கள் இதைத் தொடவேண்டாம். கம்பெனிகள் இப்போது தரும் பைப்பே நன்றாக வேலை செய்கிறது.

சைலன்சரை மட்டும் மாற்றுவது எளிது. ஸ்பிரிங் கொக்கி வைத்து அரைமணி நேரத்தில் முடியும் வேலை. எஸ்எல்பி, எம்பிஆர்பி போன்ற கம்பெனிகளின் சைலன்சர்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஆனால் எதற்காக மாற்றுகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். கிடைக்கும் ஹெச்பி மிகக் கொஞ்சம். ஓட்டும்போது உணர்வதே சந்தேகம். உண்மையான லாபம் எடை. வண்டியின் முன்பக்கத்தில் சில கிலோ குறைந்தால், சரிவில் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது கைக்குத் தெரியும். வாங்கும்போது விளம்பரத்தில் ஹெச்பி எண்ணைத் தேடாதீர்கள். எடை எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

சத்தம் ஏன் என்றால், அமெரிக்காவின் பல மாநிலங்களில் எஸ்ஏஇ ஜே2567 என்ற சத்தச் சோதனை முறைப்படி, நின்ற நிலையில் 4 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் என்ற வரம்பு உண்டு. பாதையிலேயே மீட்டர் வைத்துச் சோதிப்பார்கள். வெறும் குழாய் போன்ற சைலன்சர்களால் ஊர்க்காரர்கள் புகார் செய்து, கடைசியில் பாதையே மூடப்படும். அந்த வகையை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

படி 4: டர்போ என்றால், கம்பெனி டர்போவா, இருக்கும் வண்டியில் தனியாக வாங்கிப் பொருத்தும் கிட்டா?

2020 மாடலாக ஸ்கீ-டூ, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய முதல் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலைக் கொண்டுவந்தது. 8,000 அடி வரை 165 ஹெச்பி குறையாது என்பது அதன் வாக்குறுதி. 2022 மாடலில் போலாரிஸின் டர்போ இஞ்சினான பேட்ரியாட் பூஸ்ட் வந்தது. இவை வந்தபிறகு, புதியவருக்கு என் பதில் ஒன்றுதான்: டர்போ கட்டாயம் வேண்டுமென்றால் இருக்கும் வண்டியை விற்று, கம்பெனி டர்போ வண்டியை வாங்குங்கள். கிட்டுக்குப் பல ஆயிரம் டாலர், பொருத்தக் கூலி தனி, வாரண்டியும் ஆபத்தில். கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சிறிதாகவே இருக்கும்.

அப்படியும் கிட்தான் என்றால், பூஸ்ட் எண்ணை, அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தத்தை, படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, 10,000 அடியில் சுமார் 10.1. அங்கே 4.6 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தால், இழந்ததை மீட்டிருக்கிறீர்கள், அவ்வளவே. 8 பிஎஸ்ஐ கொடுத்தால் மொத்தம் 18.1, கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு அதிகம். அதே 8 பிஎஸ்ஐயை ரெவல்ஸ்டோக் அடிவாரத்தில் கொடுத்தால் மொத்தம் 22 பக்கம் போய்விடும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேலே சொகுசாக ஓடிய இஞ்சின் கீழே பிஸ்டனை உருக்கிக்கொள்வது இதனால்தான். உயரத்துக்கேற்ப பூஸ்ட்டைத் தானே குறைக்கும் கண்ட்ரோலர் இல்லாத கிட்டை வாங்காதீர்கள்.

கடைக்காரரிடம் இன்னும் சில கேள்விகள். டூ-ஸ்ட்ரோக்கில் காருக்கு இருப்பதுபோல் அழுத்தத்தில் சுற்றிவரும் இஞ்சின் ஆயில் கிடையாது, அப்படியானால் இந்த டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது? கூடுதல் காற்றுக்கேற்ற பெட்ரோலைக் கொடுப்பது எது: தனி இன்ஜெக்டரா, மாற்றிய மேப்பா? அமுக்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உண்டா? சாதாரண 91 ஆக்டேனில் எத்தனை பிஎஸ்ஐ வரை ஓட்டலாம்? வட அமெரிக்காவின் 91 என்பது இந்திய பங்க்குகளின் 95க்கு ஏறத்தாழ சமம். எண் சிறிதாயிருக்கிறதே என்று மிரளவேண்டாம். ஆனால் மலை மாநிலங்களில் 85 ஆக்டேனும் விற்கிறார்கள். பூஸ்ட் வண்டியில் அதை ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது.

இன்னொரு செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டர்போ உங்களை முன்பு ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளுக்குக் கொண்டுபோகும். பனிச்சரிவு நடப்பதும் அங்கேதான். டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி), மண்வெட்டி, நீண்ட துழாவுகோல், கனடாவில் என்றால் ஏஎஸ்டி 1 என்ற பனிச்சரிவுப் பயிற்சி. இவை இல்லாதவருக்கு டர்போ பட்டியலிலேயே வரக்கூடாது.

படி 5: சட்டம், வாரண்டி

அமெரிக்காவில் 2006 மாடலிலிருந்து ஸ்னோமொபைலுக்குப் புகைக் கட்டுப்பாடு உண்டு; அந்த அமைப்பைக் குலைப்பது சட்டப்படி குற்றம். விற்பவரிடம் உங்கள் மாநிலத்தில், உங்கள் மாடலுக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வாரண்டி பற்றி டீலரிடமும் அப்படியே.

படி 6: பொருத்திய முதல் நாள்

இஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, முழுதாக ஆறவிட்டு, ஸ்பிரிங்குகளையும் கிளாம்ப்புகளையும் மறுபடி பாருங்கள். டர்போ என்றால் இணைப்புக் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு தேடுங்கள். பிறகு ஐந்தாறு விநாடிக்கு மேல் போகாத முழு ஆக்சிலேட்டர் ஓட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஆர்பிஎம்மையும், மீட்டர் இருந்தால் காற்று-பெட்ரோல் விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் எகிறினால் கனமான எடை போடவேண்டும். டர்போவுக்குப் பிறகு இது கிட்டத்தட்ட நிச்சயம். கெட்டியான பாதையில் பனி மேலே தெறிக்காததால் கூலண்ட் சூடேறும், பனியைச் சுரண்டி மேலே தெறிக்கவிடும் ஸ்கிராட்ச்சரைக் கீழே இறக்கிவிடுங்கள். பையில் ஒன்றுக்கு இரண்டாக மாற்று பெல்ட் இருக்கட்டும். கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள்; வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.