யாழ்ப்பாணத்து எல்லை வரலாற்றைக் கதைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வரலாற்றில் பிடிப்புள்ள நாலு பேர் கூடினால், கொஞ்ச நேரத்தில் பேச்சு, குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டி, தெற்கே வன்னிக்குள் போய்விடும். நல்லூரைத் தலைநகராகக் கொண்ட யாழ்ப்பாண அரசு எதுவரை ஆண்டது, வன்னிநிலத்துத் தலைவர்களான வன்னியர் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், கண்டியின் எல்லை எங்கே தொடங்கியது? நல்ல கேள்விகள்தான். இவற்றை ஒழுங்காகப் படித்து விவாதிக்கும் வட்டங்கள் ஊருக்கு ஊர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இந்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. எல்லை என்றதும் இன்றைய வரைபடத்தில் உள்ள கோடு மனதில் வந்து நின்றுவிடுகிறது.

அந்தக் காலத்து எல்லை கோடாக இருக்கவில்லை. அது அகலமான ஒரு நிலம். காடும் குளமும் யானையும் நிறைந்த அந்த நிலத்தில் பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை என்று பற்றுப் பற்றாக வன்னியர்கள் ஆண்டார்கள். நல்லூரில் பலமான அரசன் இருந்தால் திறை வந்தது, பலம் குறைந்தால் திறையும் குறைந்தது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் திறையை யானைகளாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலும் நிலுவை, இழுபறி, தகராறு. ஆகவே "வன்னி யாழ்ப்பாணத்துக்குச் சொந்தமா, இல்லையா" என்று கேட்டு ஒற்றைச் சொல்லில் பதில் எதிர்பார்ப்பதே முதல் தவறு. எந்த ஆண்டில், எந்தப் பற்று, எந்த வகையில் கட்டுப்பட்டது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இதற்கு நல்ல சாட்சி ரொபர்ட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த அந்த ஆங்கிலேயர், 1679இல் அநுராதபுரம் வழியாக மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அநுராதபுரத்தை அண்டிய ஊர்களில் தமிழ் பேசும் மக்கள் கண்டி அரசனின் குடிகளாக இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். அதற்கு அப்பால் இன்னொரு நாடு என்று சொல்லி, தன் வரைபடத்திலும் அதற்குப் பெயரிட்டுக் காட்டுகிறார். அதை வன்னித் தலைவன் கயிலாய வன்னியனின் நாடு என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். மொழி எங்கே மாறுகிறதோ அங்கேதான் ஆட்சியும் மாறியது என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்தப் பயணத்தை ஒருமுறை ஆற அமரப் படிக்க வேண்டும்.

அப்புறம், மாகாண எல்லையைப் பழைய இராச்சிய எல்லையாக எடுத்துக்கொள்வது. 1833இல் பிரித்தானியர் இலங்கையை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது, நுவரகலாவிய, அதாவது அநுராதபுரப் பகுதி, வடமாகாணத்துக்குள்தான் இருந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் உருவானபோது அது பிரிந்து போனது. 1850ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றைக் காட்டி "பாருங்கள், எங்கள் எல்லை" என்பதும் தவறு, இன்றைய வடமாகாணத்தைக் காட்டி "அன்றும் இவ்வளவுதான்" என்பதும் தவறு. இரண்டுமே நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடுகள்.

ஓர் அரசன் ஓரிடத்தில் இருந்தான் என்பதும் அந்த இடம் அவன் நாடு என்பதும் ஒன்றாகிவிடாது. 1344இல் மொரோக்கோப் பயணி இபுன் பதூதா, யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். அந்தக் கரையில், முத்துக்குளிப்பிலும் கடல் வாணிபத்திலும் அரசனுக்கு இருந்த செல்வாக்குக்கு இது வலுவான சான்று. புத்தளத்துக்கு நேராக ஒரு கோடு கீறுவதற்கு அது போதாது. அதே போல 1359ஆம் ஆண்டு மடவளைக் கல்வெட்டு, ஆரியச்சக்கரவர்த்தி என்று கருதப்படும் மார்த்தாண்டப் பெருமாள் என்பவரின் ஆட்கள் கண்டி மலைப்பகுதி ஊர்களில் வரி எடுக்க உடன்பாடு செய்யப்பட்டதைச் சொல்கிறது. வரி எடுக்கும் உரிமை வேறு, ஆட்சி வேறு.

பெயர்க் குழப்பத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். செகராசசேகரன், பரராசசேகரன் என்பவை யாழ்ப்பாண அரசர்கள் மாறி மாறிச் சூடிய பட்டப்பெயர்கள். ஆண்டைச் சொல்லாமல் அவற்றை மட்டும் சொன்னால் எந்த அரசன் என்றே தெரியாது. சங்கிலி என்ற அரசன் பெயரிலும் கவனம் வேண்டும். 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொன்ற சங்கிலி ஒருவர், 1619இல் போர்த்துக்கேயரிடம் நாட்டை இழந்து கோவாவில் கொல்லப்பட்ட சங்கிலி குமாரன் இன்னொருவர். இடையில் 1560இல் மன்னார் போர்த்துக்கேயர் கைக்குப் போய்விட்டது. இரண்டு பேரையும் ஒருவராக்கினால் எல்லையும் குழம்பிவிடும்.

அந்தக் குழப்பம் யாழ்ப்பாண வைபவமாலையிலேயே உண்டு. 1736இல் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்க மயில்வாகனப் புலவர் எழுதிய நூல் அது. நாட்டை இழந்து நூறு ஆண்டுக்கும் மேல் ஆன பிறகு, பழைய நூல்களையும் வழங்கிய கதைகளையும் சேர்த்துத் தொகுத்தது. போர்த்துக்கேயர் பக்கத்துப் பெரிய நூலை எழுதிய குவேறோஸ் பாதிரியார் இலங்கைக்கு வந்ததே இல்லை, கோவாவில் இருந்து எழுதினார். இரண்டையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று முதலில் சொல்லிவிட்டு மேற்கோள் காட்டினால் பாதிச் சண்டை வராது.

மேற்கோள் என்றதும் கிளெக்கோர்ன் குறிப்பு. 1799இல் அந்தப் பிரித்தானிய அதிகாரி, இரண்டு வேறு இனங்கள் பழங்காலந்தொட்டுத் தீவைப் பிரித்து வைத்திருந்தன என்று எழுதியது நம் மேடைகளில் எத்தனையோ தடவை கேட்ட வரி. அதை அடுத்து, சிங்களவர் முந்திக் குடியேறியவர்கள் என்றும் அவர்களின் பூர்வீகம் சீயம் (இன்றைய தாய்லாந்து) தேசம் என்றும் எழுதுகிறார். அதை யாரும் சொல்வதில்லை. அவர் சொன்னதில் ஒரு வரி ஆதாரம், அடுத்த வரி அபத்தம் என்றால், இரண்டையும் மேசையில் வைத்துத்தான் கதைக்க வேண்டும். நம் தரப்பு வாதம் உண்மையிலேயே பலமானது என்றால் அரை மேற்கோளை நம்பி அது நிற்கத் தேவையில்லை.

சிங்களச் சான்றுகளைப் புரட்டாமலே விடுவதும் பெரிய இழப்பு. கோகில சந்தேசம் பதினைந்தாம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்தைப் பிடித்து நல்லூரில் இருந்த கோட்டை இராச்சிய இளவரசன் சப்புமல் குமாரனுக்குத் தென்கரைத் தெவிநுவரவில் இருந்து குயிலைத் தூது அனுப்பும் காவியம். அந்தக் குயில் பறந்து வரும் வழியெல்லாம் ஊர்கள். எல்லைப்புறத்தை ஆராய்கிறவருக்கு அது புதையல். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையாவது வட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் ஆவணங்கள் கொழும்புச் சுவடிக்கூடத்தில் ஏராளம்.

இன்னொன்றைத் தயங்கித்தான் எழுதுகிறேன். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது போன ஏடுகள் திரும்பி வராது. அந்த வலி எல்லாருக்கும் உண்டு. ஆனால் "அந்த ஏட்டில் இருந்தது, எரிந்துவிட்டது" என்பதை விவாதத்தில் ஆதாரமாக வைக்க விடக்கூடாது. அந்த ஏட்டைப் பார்த்தவர் எழுதிய குறிப்போ, அச்சான பகுதியோ இருந்தால் சரி, எடுத்து வாருங்கள்.

ஆண்டுகளைச் சரிபாருங்கள். 1760இல் ஆனையிறவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர் என்று இணையத்தில் ஒரு வரி சுற்றுகிறது. 1658இலேயே யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் விட்டுப் போனவர்கள் எப்படி வந்து கட்டுவார்கள்? ஒல்லாந்தர் அந்தக் கடவைகளில் சிறு கோட்டைகளை வைத்துக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையில் ஆளும் பொருளும் போய்வருவதைக் கண்காணித்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

கடைசியாக, முல்லைத்தீவுப் பக்கத்துக் கற்சிலைமடு. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவில் இருந்து பிரித்தானியரை விரட்டிய வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை, கப்டன் டிறிபேர்க் அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் இவ்விடத்துக்கு அருகே தோற்கடித்தான் என்று அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. அந்த வாசகம் தோல்வியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. சாவு அதில் இல்லை. அன்றுதான் அவன் வீழ்ந்து இறந்தான் என்று சொல்கிறவர் கல்லுக்கு வெளியே இன்னொரு சான்று காட்ட வேண்டும். ஊரில் கேட்கும் கதையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்து, தனிப் பக்கத்தில்.